கேள்வி ஞானமும் குருமுகப் பயிற்சியும்: தமிழ் முஸ்லிம் இசை மரபு குறித்து ஒரு நோக்கு

தமிழ் முஸ்லிம்களின் வாழ்வில் பாட்டுக்கென்று ஓர் இடம் நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளது. தொட்டிலருகே தாலாட்டு, மணவீட்டில் வாழ்த்துப் பாடல், ரபீவுல் அவ்வல் மாதத்தில் மவ்லிது, கந்தூரி நாட்களில் தாயிரா கொட்டிப் பாடும் பக்கீர்களின் பைத்து எனப் பல வடிவங்களில் அது நம்மோடு வந்திருக்கிறது. ஆயினும் ஒருவர் இனிய குரலில் பாடக் கேட்டதும் நாம் சொல்வது ஒன்றே: 'அல்லாஹ் கொடுத்த குரல்.' அவர் யாரிடம் பயின்றார், எத்தனை ஆண்டுகள் பயின்றார், அவருக்குப் பின் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்னும் கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. குரல் இறைவனின் கொடை என்பதில் ஐயமில்லை. அக்கொடையைக் கலையாக்குவது பயிற்சி. இந்த இரண்டாவது உண்மையை நாம் கவனியாது விட்டதன் விளைவை இன்று நம் பாடல் மரபில் காண்கிறோம்.

புதுச்சேரியின் தென்பகுதியில், பாகூர், நெட்டப்பாக்கம் வட்டாரத்து வயல்வெளிகளுக்கிடையே அமைந்த கரியமாணிக்கம் போன்றதொரு சிற்றூரை எண்ணிப் பார்ப்போம். அங்கே ஒரு முஸ்லிம் இல்லத்தில் பாடும் ஆர்வமும் நல்ல செவியும் உள்ள பிள்ளை ஒன்று இருக்குமாயின், அப்பிள்ளை எங்கே சென்று கற்பது? கற்பதற்குப் பெற்றோர் இசைவார்களா? கற்ற பின் அப்பிள்ளை பாடுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? இக்கட்டுரை இம்மூன்று கேள்விகளையும் தொட்டுச் செல்கிறது. விடை தேடுமுன், பயிற்சி என்பது என்ன என்பதை ஒரு கலைஞரின் வாழ்வைக் கொண்டு விளங்கிக்கொள்வது நலம்.

ஷேக் சின்ன மௌலானா சாஹிப் 1924ஆம் ஆண்டில், இன்றைய ஆந்திர மாநிலத்தின் பிரகாசம் மாவட்டத்தைச் சேர்ந்த கரவதி என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தையாரிடமும் தம் பகுதியின் ஆசிரியர்களிடமும் பயின்று தேர்ந்தார். அத்துடன் அவர் நின்றிருக்கலாம். ஆனால் தஞ்சை வளநாட்டு நாதசுரப் பாணி, குறிப்பாகத் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு, அவரை ஈர்த்தது. அந்தப் பாணியைக் கேட்டுப் பின்பற்றினால் போதும் என்று அவர் எண்ணவில்லை. நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார். தொழில் தெரிந்த ஒருவர், மொழியும் ஊரும் வேறான இடத்தில், மீண்டும் மாணவராகும் துணிவு எளிதன்று. பின்னர் ஸ்ரீரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். 1977இல் பத்மஸ்ரீ விருதும் 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1999இல் அவர் மறைந்தார்.

அவர் மீண்டும் பயின்றது ஏன் என்பதை அந்தக் கருவியின் இயல்பே சொல்லும். நாதசுரத்தில் விரல்கள் இயங்கும் துளைகள் ஏழுதான். ஹார்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் கட்டை உண்டு. அழுத்தினால் அந்தச் சுரம் பிறக்கும். நாதசுரத்திலோ ஏழு துளைகளிலிருந்து எல்லாச் சுரங்களையும், அவற்றினிடையே நழுவிச் செல்லும் கமகங்களையும் பெற வேண்டும். துளையைப் பாதி மூடுவதாலும், சீவாளியின்மீது உதடு தரும் அழுத்தத்தாலும், மூச்சின் வேகத்தாலும் இது கைகூடுகிறது. கொறுக்கைத் தட்டையால் செய்யப்படும் அந்தச் சீவாளி சிறிது ஈரம் குறைந்தாலும் மிகுந்தாலும் சுருதி மாறும். இந்நுட்பத்தை ஏட்டில் எழுதிக் கொடுக்க இயலாது. ஆசிரியர் வாசிக்க மாணவர் கேட்டு, மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்டுத் திருத்தி, நாள்தோறும் நடைபெறுவது அது. சின்ன மௌலானாவின் வாசிப்பைப் பதிவுகளில் கேட்போர் அதன் மென்மையை முதலில் உணர்வர். திறந்தவெளியில் நெடுந்தூரம் ஒலிப்பதற்கென அமைந்த ஒரு கருவியைக் குரலைப்போல் குழைத்து வாசிக்கிறார் அவர். அந்தக் குழைவு மூச்சின்மீது பெற்ற ஆட்சியால் வந்தது. மூச்சை அவ்வாறு ஆளும் திறம் பல்லாண்டு சாதகத்தின் பயன்.

குரலிசைக்கும் இதுவே பொருந்தும். கர்நாடக இசையில் முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த சரளி வரிசை. அதையடுத்து ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களுக்குரிய அலங்காரங்கள், பின் கீதம், வர்ணம், கீர்த்தனை என்று பாடம் வளர்கிறது. ஒரே வரிசையை மூன்று காலங்களில் பாடச் சொல்வார் ஆசிரியர். பிள்ளைக்கு அது சலிப்பாக இருக்கும். கேட்கும் பெற்றோருக்கு இன்னும் சலிப்பு. ஆனால் அந்தச் சலிப்பூட்டும் பயிற்சியிலேதான் சுருதி நிலைக்கிறது. தாளம் உடம்பில் ஊறுகிறது. எந்த இடத்தில் மூச்சு வாங்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பது தெளிவாகிறது. ஒரு மாதத்தில் ஒரு பாட்டு என்று சொல்லித் தரும் வகுப்புகள் பாட்டைத் தரலாம். பாடும் திறனைத் தருவதில்லை.

சின்ன மௌலானா தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்னும் பயிற்சிக் கூடத்தை நிறுவினார். அவருடைய பேரர்கள் காசிமும் பாபுவும் அப்பாணியைத் தொடர்ந்தனர். அவரிடம் பயின்ற ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி மஹபூப் தம்பதியர்க்கு 2020ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெண்கள் அரிதாகவே கையிலெடுத்த ஒரு கருவியில் ஒரு முஸ்லிம் பெண்மணி அத்தகுதியை எய்தியது, பயிற்சி முறையாகக் கிடைத்தால் எது இயலும் என்பதற்குச் சான்று.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். 'அவர் வாசித்தது கோயில்களிலும் கச்சேரி மேடைகளிலும். அது நம் சமய வாழ்வுக்கு என்ன பயன்?' என்று கேட்கலாம். மேலும், இசைக்கருவிகளே ஆகுமானவையல்ல என்னும் கருத்து நம் மார்க்க அறிஞர் பலரிடையே உறுதியாக உண்டு. அதை இலேசாக ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் 'ஸமாஉ' குறித்துத் தனி நூலே வகுத்து, பாடுபவர், கருவி, பாடலின் பொருள், கேட்பவரின் நிலை ஆகியவற்றைப் பிரித்து ஆராய்ந்து, சூழலுக்கேற்பத் தீர்ப்பு வேறுபடும் என்கிறார். இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோர் இதைக் கடுமையாக மறுத்தனர். இவ்விவாதத்தைத் தீர்த்துவைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கருவியைத் தவிர்க்க விரும்புவோர் தவிர்க்கட்டும். ஆனால் குரலால் பாடுவதை ஏற்றுக்கொண்ட பின், அதைச் செம்மையாகப் பாடக் கற்பதை வேண்டாம் என்பதற்கு நியாயம் காண்பது கடினம்.

முறையான குரற்பயிற்சி நமக்கு அந்நியமானதுமன்று. ஓதும் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளை பெறுவது என்ன? அல்குர்ஆன் ஓதுதல் இசையாகாது, அது இபாதத். இவ்வேறுபாட்டை மனத்திலிருத்தியே பயிற்று முறையை மட்டும் இங்கே நோக்குகிறோம். எழுத்துகள் பிறக்கும் இடங்களான மக்ரஜ்கள் பதினேழு என்பது பெரும்பான்மைத் தஜ்வீத் அறிஞர் கணக்கு. மத்து இரண்டு அளவா, நான்கா, ஆறா என்று உஸ்தாது விரல் மடக்கி எண்ணச் சொல்வார். அவர் ஓத, பிள்ளை ஓதும், பிழையைக் காது கண்டுபிடிக்கும், நாவு திருத்திக்கொள்ளும். நூலைப் பார்த்துத் தாமே ஓதிக் கற்றவரை நாம் காரீ என்று ஏற்பதில்லை. அவர் யாரிடம் ஓதிக் காட்டினார் என்று கேட்கிறோம். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூத் நபியின் குடும்பத்தாருக்கு அருளப்பட்ட குழலோசையோடு அதனை ஒப்பிட்டுப் பாராட்டியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. குரலின் அழகைப் போற்றவும் அதை ஒழுங்குபடுத்தவும் அறிந்த ஒரு சமுதாயம், பாட்டு என்று வந்ததும் அந்த ஒழுங்கை மறந்துவிடுவதுதான் வியப்பு.

இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றிலும் பாட்டுப் பயிற்சிக்கு முறை வகுத்தோர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து குர்துபா சென்ற ஸிர்யாப் அங்கே மாணவர்களைப் பயிற்றிய விதத்தை அல்மக்கரீ தம் நூலில் விவரித்துள்ளார். முதலில் சொல்லும் தாளமும், பின்னர் எளிய மெட்டு, இறுதியிலேயே அலங்காரங்கள் என்று அவர் படிநிலை வைத்தார். குரல் மெலிந்த மாணவரின் வயிற்றைத் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிப் பாடச் சொன்னார். வாய் திறவாதவருக்குப் பற்களிடையே மரத்துண்டு வைத்துப் பழக்கினார். அடிப்படை உறுதிப்படுமுன் அலங்காரம் கூடாது என்ற அவ்விதி, சரளி வரிசைக்குப் பின்னரே கீர்த்தனை என்னும் நம் நாட்டு விதியோடு ஒத்திருப்பது கருதத்தக்கது.

இனி நம் பாடல்களுக்கு வருவோம். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் (1925-2015) குரல் தமிழ் முஸ்லிம்களின் நினைவோடு கலந்துவிட்டது. உச்ச ஸ்தாயியில் தளராது நின்ற கம்பீரமும், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும் உச்சரிப்பும் அவருக்கே உரியவை. கேள்வி ஞானமும் அயராத மேடைப் பழக்கமும் அவரைப் போன்ற ஓர் அரிய திறனாளரை எத்துணை உயரத்துக்குக் கொண்டு செல்லும் என்பதை மறுப்பதற்கில்லை. குறை அவரிடம் இல்லை. அவரை நகலெடுத்தோரிடம் உள்ளது. அவருடைய சுருதியை எடுத்துக்கொண்டார்கள்; அச்சுருதியைத் தாங்கும் மூச்சுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளவில்லை. மேடையில் நான்காவது பாட்டிலேயே குரல் கம்மிவிடுவதை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அதே நாகூரில், தர்கா வித்வானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர், கர்நாடக இசையை முறையாகக் கற்று, அந்த அறிவோடு இஸ்லாமியப் பாடல்களையும் பாடினார். ஹனிபாவுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கும் அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய வழி நம் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டப்படவும் இல்லை.

இதன் இழப்பு பாடுவோர்க்கு மட்டும் உரியதன்று, இலக்கியத்துக்கும் உரியது. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் (ஸல்) மீது பாடிய திருப்புகழ், அருணகிரிநாதர் வழியில் சந்தக் கட்டுக்கோப்போடு அமைந்தது. தாளம் பயிலாத நாவினால் அதை வாசிக்கலாம், பாட இயலாது. குணங்குடி மஸ்தான் சாஹிபின் பாடல்களும், நம் புலவர்கள் இயற்றிய கீர்த்தனைகளும் சிந்துகளும் பாடுவதற்கென்றே எழுந்தவை. அவற்றைப் பதிப்பிக்கிறோம், மாநாடுகளில் ஆய்வுரை நிகழ்த்துகிறோம், பாடுவோரை உருவாக்கவில்லை. அந்த வெற்றிடத்தைத் திரைப்பட மெட்டுகளில் புதுச் சொற்களைப் பொருத்திய பாடல்கள் நிரப்பின. மெட்டு இரவலானபோது சந்தம் சிதைந்தது. அரபுச் சொற்களின் நெடிலும் குறிலும் மெட்டுக்காக மாற்றி ஒலிக்கப்பட்டன.

தேவாரத்தோடு இந்நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் பதினேழில் குரலிசை, நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு தேவாரமும் மூன்றாண்டுப் பாடமாக உள்ளது. பண்ணோடு பாடும் ஓதுவார் மரபு அதனால் அறுபடாது நிற்கிறது. இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களுக்கு அப்படியொரு பாடம் அங்கு இல்லை. அதற்காக அரசைக் குறை கூறுமுன், நம் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் அத்தகைய பாடத்திட்டம் ஒன்றை வகுத்துத் தந்தனவா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் இசைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கி, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலின் முதலிய கருவிகளில் இலவசப் பயிற்சியும் அளிக்க வழிசெய்தார். தனிமனிதர் ஒருவரின் முயற்சி அது. சமுதாயத்தின் முயற்சி என்று சுட்டுவதற்கு அதற்கு நிகரான ஒன்று நம்மிடம் இல்லை.

கரியமாணிக்கத்துப் பிள்ளையிடம் திரும்புவோம். எங்கே கற்பது என்பதற்கு விடை உண்டு. அதே புதுச்சேரியின் அரியாங்குப்பத்தில் இசை, நடனம், நுண்கலைகளுக்கென அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. ஆனால் கல்லூரி வயதில் தொடங்குவது காலந்தாழ்ந்த தொடக்கம். பத்து வயதுக்குள் செவி பழக வேண்டும். அதற்கு ஊரிலோ பக்கத்து ஊரிலோ வாரம் இருமுறை சொல்லித்தரும் ஓர் ஆசிரியரும், நாள்தோறும் அரைமணி நேரம் சாதகம் செய்ய வீட்டில் ஓர் அமைதியான மூலையும் போதும். பெற்றோர் இசைவார்களா என்பது, நம் அறிஞர்கள் இதைப் பற்றித் தெளிவாகப் பேசுவதைப் பொறுத்தது. கருவியின்றிக் குரலிசை மட்டும் கற்பதற்கான வழியையேனும் அவர்கள் காட்டலாம்.

மூன்றாவது கேள்வியே நம் முழுப் பொறுப்பு. காசிம் புலவரின் திருப்புகழிலிருந்து பத்துப் பாடல்கள், குணங்குடியாரிடமிருந்து பத்து, நம் கீர்த்தனைகளிலிருந்து பத்து ஆகியவற்றைத் தேர்ந்து, ராகமும் தாளமும் சுரக்குறிப்பும் அமைத்து, படிநிலைப் பாடநூலாக வெளியிடலாம். அதைச் சொல்லித் தரவல்ல ஆசிரியர்கள் நால்வரை உருவாக்கினாலே ஒரு தலைமுறைக்குள் நாற்பது பாடகர்கள் உருவாவர். மீலாது விழாவுக்கு ஓர் இரவில் செலவிடும் ஒலிபெருக்கி வாடகை இதற்கான முதற்செலவுக்குப் போதுமானது. சின்ன மௌலானா தொழில் தெரிந்த பின்னும் ஆசிரியரைத் தேடிச் சென்றார். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தேட்டத்தை எளிதாக்கித் தருவது நம்மால் இயலாத காரியமன்று.