விழுந்ததா, சாய்ந்ததா, நகர்ந்ததா? ஒரு விளக்கப் பத்தியின் திறனாய்வு



கூட்டுப்பணி நாளில் மாணவர்கள் புத்தக அலமாரியை எப்படி நகர்த்துவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் மேல்தட்டு உயரத்தில் கை வைத்து ஒரே தள்ளு! என் வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது. அலமாரி நகரவில்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்தது. நல்ல வேளை, அங்கே சுவர் இருந்தது. பிள்ளைகள் யாரும் இல்லை. "சரி, நடந்ததையே ஒரு விளக்கப் பத்தியா எழுதுங்க" என்றேன். படிவம் 4 மாணவர் ஒருவர் எழுதியது இது:

"அலமாரியின் எடை குறைவு. அதனால் தள்ளியவுடன் விழப் பார்த்தது. கனமான பொருள் விழாது. தரையில் உராய்வு அதிகம் இருந்திருந்தால் அலமாரி அப்படியே நின்றிருக்கும். எனவே, அடியில் ரப்பர் விரிப்பு போடுவது பாதுகாப்பானது."

எழுத்துப் பிழை இல்லை. காரணம் வருகிறது, முடிவும் வருகிறது, 'எனவே' சரியான இடத்தில் நிற்கிறது. நானும் முதலில் நல்ல மதிப்பெண் போடத்தான் பேனாவை எடுத்தேன். பிறகுதான் உறைத்தது: இதை நம்பி ஒருவர் ரப்பர் விரிப்பு போட்டால், அலமாரி கவிழும் வாய்ப்பு கூடத்தான் செய்யும்.

எங்கே கோளாறு? முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 'விழும்' ஒன்றுதான். தள்ளப்படும் அலமாரிக்கு மூன்று நிலை உண்டு: அடியோடு நகரும், ஒரு விளிம்பில் ஊன்றிச் சாயும், சாய்ந்து எல்லை தாண்டிக் கவிழும். தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்க, ஒரே சொல்லில் அடக்கியதால் காரணமும் குழம்பிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலமாரியின் எடை 600 நியூட்டன், தள்ளும் திசையில் அகலம் 40 சென்டிமீட்டர், தரையின் உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொள்வோம். நகர்த்த 600 × 0.4, அதாவது 240 நியூட்டன் விசை வேண்டும். சாய்ப்பதற்குத் திருப்புத்திறன் கணக்கு. அறிவியல் பாடத்தில் 'மோமென்' என்று படிப்பதுதான். எடை நடுவில் இறங்குவதால், ஊன்றும் விளிம்பிலிருந்து அதன் தூரம் 20 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் உயரத்தில் தள்ளினால், 600 × 20 ÷ 120 = 100 நியூட்டன் போதும். நகர்வதற்கு முன்பே சாய்ந்துவிடும். 40 சென்டிமீட்டர் உயரத்தில் தள்ளினால், சாய்க்க 300 நியூட்டன் வேண்டும்; அதற்குள் 240-இல் நகர்ந்துவிடும்.

இப்போது எடையை இரண்டு மடங்காக்குங்கள். நகர்த்தும் விசை, சாய்க்கும் விசை இரண்டுமே இரண்டு மடங்காகும். தள்ளக் கஷ்டம், உண்மைதான். ஆனால் நகருமா சாயுமா என்பது மாறவே இல்லை. ஆக, "கனமான பொருள் விழாது" பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மைபோல எழுதுவதுதான் விளக்கக் கட்டுரையில் பெரிய ஆபத்து.

உராய்வு விஷயத்தில் பத்தி தலைகீழாகவே போய்விட்டது. உராய்வு அலமாரியின் அடியைப் பிடித்துக்கொள்கிறது. அடி நகராததால்தான் மேல்பகுதி சாய்கிறது. அகலத்தை உராய்வுக் குணகத்தின் இரு மடங்கால் வகுத்தால் எல்லை உயரம் கிடைக்கும்: 40 ÷ 0.8 = 50 சென்டிமீட்டர். அதற்கு மேலே தள்ளினால் சாயும், கீழே தள்ளினால் நகரும். ரப்பர் விரிப்பால் குணகம் 0.8 ஆனால், எல்லை 25 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த 'உயரம் கூடினால் நிலைத்தன்மை குறையும்' என்பது தவறா? இல்லை. அது கவிழும் கட்டத்துக்குப் பொருந்தும். புவியீர்ப்பு மையம் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், இந்த அலமாரி ஏறத்தாழ 12.5 பாகை சாய்ந்ததுமே கவிழும். கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டில் அடுக்கி மையத்தை 60-க்கு இறக்கினால், ஏறத்தாழ 18 பாகை வரை தாங்கும்.

மாணவரிடம் இதைப் பேசினேன். பத்தியைத் திருத்தி எழுதினார்:

"உயரத்தில் தள்ளியதால் அலமாரி நகரும் முன்பே சாய்ந்தது. உராய்வு அதன் அடியைப் பிடித்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே பிடித்துத் தள்ளியிருந்தால் அது நகர்ந்திருக்கும்."

மூன்றே வாக்கியம். முதல் பத்தியைவிடச் சிறியது. ஆனால் நம்பி நடக்கலாம்.

மாணவர்களே, விளக்கம் எழுதும்போது 'என்ன நடந்தது' என்பதற்குச் சரியான வினையைத் தேடுங்கள். 'எந்த நிலையில் நடக்கும்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்களே, 'எனவே'யைக் கண்டதும் மதிப்பெண் போட்டுவிடாமல், அதற்கு முன்னால் நிற்கும் காரணம் தாங்குமா என்று ஒரு தடவை தள்ளிப் பாருங்கள்.