எழுபது வளைவும் ஒரு வரப்பும்

கொல்லிமலைக்குப் போய்வந்தவர் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு நம்பர் சொல்வார். எழுபது! காரவள்ளியில் ஆரம்பித்து மேலே போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவில் யாருக்கு வாந்தி வந்தது, பைக்கில் எத்தனை நிமிஷத்தில் ஏறினோம் என்று கதை நீளும். சரி, மேலே என்ன பார்த்தீர்கள்? அறப்பளீஸ்வரர் கோயில், எட்டுக்கை அம்மன், வியூ பாயின்ட், அன்னாசிப் பழம். நடந்தீர்களா? ‘ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறினதே போதும் சார், முட்டி கழண்டுடுச்சு!’

இந்த மலையை நாம் பார்க்கும் விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்பதுதான் என் விமர்சனம். கொல்லிமலை கூர்மையாக நிற்கிற மலை இல்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதும் தலை தட்டையாகிவிடுகிறது. அங்கே நெல் வயல், நடுவில் ஓடை, மேட்டில் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், அதற்கப்பால் மரவள்ளிக் காடு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று ஊர்களுக்கெல்லாம் நாடு என்றே பெயர். மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) தலைமுறை தலைமுறையாக இங்கே உழுது சாப்பிடுகிறார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அவர்கள் நடந்த தடங்கள் இருக்கின்றனவே, அவைதான் இந்த மலையின் நிஜமான சுற்றுலாத் தலம். அதற்கு டிக்கெட் கிடையாது. போர்டும் கிடையாது.

செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். வரப்பு, ஓடை, ஓடைக்குக் குறுக்கே ஒரு மரத்துண்டு, யார் வீட்டு வாசலையோ உரசிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதை. நான் போனபோது தலையில் விறகுக்கட்டோடு வந்த ஒரு அம்மாவிடம், “இது எங்கம்மா போகுது?” என்று கேட்டேன். “நீங்க எங்க போவணும், அதச் சொல்லுங்க” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சும்மா நடக்க வந்தேன் என்றால் நம்பவா போகிறார்!

நடைக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற திட்டம் வந்தது. நாற்பது பாதைகள். ஆன்லைனில் புக்கிங், எளிது-நடுத்தரம்-கடினம் என்று தரம், கூடவே வர உள்ளூர் வழிகாட்டிகள். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால், இது காட்டுக்குள் நடப்பவர்களுக்கான திட்டம். நடத்துவது வனத்துறை. காடு முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் அவர்கள் பொறுப்பும் முடிந்துவிடுகிறது. வயல்வெளி நடை எந்த இலாகாவின் ஃபைலிலும் இல்லை. சுற்றுலாத் துறைக்கு வல்வில் ஓரி விழா, நெடுஞ்சாலைத் துறைக்கு வளைவுகள். வரப்பு யாருக்கு?

வெளியூரில் எப்படி என்று பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1949-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லையில் ஜனங்கள் நடக்கும் பாதைகளையெல்லாம் மேப்பில் குறிக்க வேண்டும். மேப்பில் ஏறிவிட்டால் அது பாதைதான், நிலத்துக்காரர் மறிக்க முடியாது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அப்படி இருக்கிறது. கோதுமை வயலுக்கு நடுவே ஜம்மென்று நடக்கலாம். ஸ்பெயினில் 1993-லிருந்து கைவிட்ட ரயில் பாதைகளை எல்லாம் ‘பசுமை வழி’ ஆக்கி வருகிறார்கள்.

நம்மிடமும் பழைய ரயில் தடங்கள் இல்லாமலா? மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிடுங்கிவிட்டார்கள். மதுரை - போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியில் நின்றது. மறுபடி ரயில் போடிக்கு வந்தது 2023-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம்! அங்கே ரயிலே திரும்பி வந்தது, சந்தோஷம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ரயில் பாதையாவது போனால் போனதென்று தெரியும், பேப்பரில் செய்தி வரும். ஒற்றையடிப் பாதை காணாமல் போவது யாருக்கும் தெரியாது.

எப்படிப் போகிறது என்கிறீர்களா? ரோடு வருகிறது, பைக் வருகிறது, நடப்பவர் குறைகிறார். சாமையும் தினையும் விளைந்த இடத்தில் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி வருகிறது. பிறகு ஒருநாள் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் ரிசார்ட் கட்டக் கம்பி வேலி போடுகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருஷம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையாக நடந்த வழிக்கு உரிமை கேட்கலாம்தான். ஆனால் கேட்க வேண்டியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், இருபது வருஷம் நடந்ததை நிரூபிக்க வேண்டும். விறகுக்கட்டு அம்மாவா போவார்? நான் பி.காம். படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்: கணக்குப் புத்தகத்தில் ஏறாத சொத்து களவு போனால் புகார்கூடக் கொடுக்க முடியாது.

அப்படியானால் உடனே மேப் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாமா? இங்கேதான் எனக்கே உதைக்கிறது. நம்மாட்கள் போன இடமெல்லாம் தண்ணி பாட்டில், மற்ற பாட்டில், சிப்ஸ் கவர். உடைந்த பாட்டில் சேற்றில் கிடந்தால் நாற்று நடுகிற கால்தான் கிழியும். வயல் என்பது பார்க் இல்லை, ஒருத்தருடைய சாப்பாடு. எனவே மேப்பை யார் போடுவது என்பதுதான் முக்கியம். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து போடக் கூடாது. அந்தந்த நாட்டுப் பெரியவர்களும் பெண்களும் உட்கார்ந்து, இந்த வழியை வெளியாளுக்குக் காட்டலாம், இது கோயில் வழி வேண்டாம், இது நடவு மாதத்தில் வேண்டாம் என்று பிரிக்கட்டும். கூட வருகிறவருக்குக் கூலி, வழியில் ஒரு வீட்டில் களியோ சாமைச் சோறோ, அதற்குக் காசு. அவர்கள் ஒரு பாதையையும் காட்ட வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் பட்டியல் மட்டும் எழுதி கிராமக் கணக்கில் ஏற்றட்டும். நமக்காக இல்லாவிட்டாலும், வேலி போட வருகிறவருக்காக.

அதுவரை சும்மா நடக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நடவுக்கு முன்னால் வரப்பில் சேற்றை அள்ளி அண்டை பூசியிருப்பார்கள், பளபளவென்று வழுவழுப்பாக இருக்கும். ஃபோட்டோவுக்கு அழகு. அதில் கால் வைத்தால் உடைந்து ராத்திரியோடு தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். சுற்றிக்கொண்டு போங்கள். புளியஞ்சோலைப் பக்கமாகக் காட்டில் ஏறி வர நினைத்தால், முதலில் வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.