நம்பிக்கை எங்கே பழுதாகிறது?

செய்தியாளர்களோடு நல்லுறவு வேண்டும் என்று எந்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். எதற்காக அந்த உறவு என்பதை யாரும் சொல்வதில்லை. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் ஐவி லீயின் வாழ்க்கையில் அதற்கு விடை கிடைக்கிறது, நல்லதும் கெட்டதுமாக. 1902 நிலக்கரி வேலைநிறுத்தத்தில் சுரங்க முதலாளிகள் நிருபர்களிடம் வாய் திறக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் ஜான் மிட்செல் தாராளமாகப் பேசினார். அவர் தரப்பே நாளிதழ்களில் எடுபட்டது. 1906இல் மீண்டும் தகராறு மூண்டபோது முதலாளிகள், நிருபராக இருந்து அனுபவப்பட்ட லீயை அமர்த்தினார்கள். அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்: வேலை வெளிப்படையாக நடக்கும், தகவல் துல்லியமாக இருக்கும், எதைச் சரிபார்க்க விரும்பினாலும் உடனே உதவுவோம். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் கவிழ்ந்தது. ரயில்வேக்காக லீ தந்த அறிக்கையை ‘நியூயார்க் டைம்ஸ்’ அப்படியே அச்சிட்டது.

இதை வெற்றி என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. எனக்கோ ஆபத்து இங்கேதான் தொடங்குவதாகப் படுகிறது. நம்பிக்கை வளர வளர, சரிபார்ப்பு தளர்கிறது. 1914இல் கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிந்து பெண்களும் குழந்தைகளும் மாண்டபின், லீ அந்தச் சுரங்க நிறுவனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ராக்ஃபெல்லர் தரப்புக்காகத் துண்டறிக்கைகள் வெளியிட்டார். தொழிற்சங்கத் தலைவர்களின் ஓராண்டு ஊதியம், ஒன்பதே வாரங்களில் பெற்றதுபோல் ஒன்றில் அச்சாகியிருந்தது. முதலாளிகள் தந்த தகவலைத் தாம் சரிபார்க்கவே இல்லை என்று பிறகு விசாரணை ஆணையத்தின்முன் அவரே ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் சரிபார்க்க உதவுவதாக வாக்களித்த அதே மனிதர்!

ஊதியம் தருபவருக்காகப் பேசுவதுதானே அவர் வேலை என்று கேட்கலாம். தரப்பை எடுத்துச்சொல்வது நியாயமே. ஆனால் ஊதியம் எத்தனை வாரத்துக்கானது என்பது தரப்பு அல்ல, கணக்கு. கணக்கைத் தாமே பார்க்காதவர் நிருபரின் பெயரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

நெருக்கம் இல்லாவிட்டால் செய்தியே போகாது என்பது இன்னொரு வாதம். ஆள் குறைந்த செய்தி அறைகளில் இது ஓரளவு உண்மைதான். அந்த நெருக்கடியைப் பயன்படுத்தித்தான் பிரஸ் மீட் முடிந்ததும் பணம் வைத்த ‘கவர்’ கைமாறுகிறது. பரிசு வாங்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகள் சொல்லியும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவகாசம் இல்லாத நிருபருக்குத் தேவை வேறு. அறிக்கையோடு மூல ஆவணம் வேண்டும். பக்கம் முடியும் நேரத்திலும் போனை எடுத்து, விஷயம் தெரிந்த பொறியாளரிடமோ மருத்துவரிடமோ இணைத்துவிடும் ஆள் வேண்டும். விபத்து நடந்த இரவிலும் அதே போனை எடுப்பவரை அடுத்த மாதம் நிருபர் தாமாகவே தேடி அழைப்பார்.