பட்டியலில் இல்லாத நாலாவது சாத்தியம்

போன வாரம் ராத்திரி தூக்கம் வராமல் ஒரு யூடியூப் காணொளி பார்த்தேன். காணாமல் போன ஒருவரைப் பற்றி நாற்பது நிமிடம். திகில் இசை, வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறி, "அன்னிக்கு என்ன நடந்திருக்கும்னு நீங்களே யோசிங்க மக்களே" என்று ஒரு குரல். கீழே எழுதியிருந்தவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி யார் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது.

எனக்கு 2015 ஞாபகம் வந்தது. பேரணாம்பட்டுக்காரனுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த வருடம் மே மாதம், பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு இளம்பெண் காணாமல் போனார். ஆம்பூர் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். கணவர் புகார் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவும் போனது. அவரோடு முன்பு வேலை பார்த்த, ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞரை ஜூன் நடுவில் போலீசார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். ஜூன் 26 அன்று அவர் சென்னை மருத்துவமனையில் இறந்தார். காவலில் அடித்ததால்தான் என்றது குடும்பம். மறுநாள் இரவு ஆம்பூரில் கலவரம். பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, வண்டிகள் எரிந்தன, போலீசார் பலருக்குக் காயம். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

ஜூலை முதல் வாரத்தில் அந்தப் பெண் கிடைத்தார். உயிரோடு, சென்னையில். வீட்டில் மனஸ்தாபம், கிளம்பிப் போயிருந்தார். அவ்வளவுதான்.

இரண்டு பேர் பெயரும் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஏனென்றால் அந்த வாரங்களில் நானும் கதை எழுதினேன். எங்கள் ஸ்கூல் பேட்ச் வாட்ஸப் குரூப்பில், "லாஜிக்கா யோசிப்போம்" என்று ஆரம்பித்து, தேதிவாரியாக ஒரு டைம்லைன், கீழே மூன்று சாத்தியங்கள். மூன்றிலும் யாரோ ஒரு ஆண் அந்தப் பெண்ணை ஏதோ செய்திருந்தான். ஒரு பெண் தானாகவே முடிவெடுத்து பஸ் ஏறிப் போயிருக்கலாம் என்ற நாலாவது சாத்தியம் என் பட்டியலில் இல்லவே இல்லை. இஞ்சினியர் மூளை!

டேட்டாபேஸில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், 'நல்' என்றால் பூஜ்யம் அல்ல, பொய்யும் அல்ல. 'தெரியாது', அவ்வளவே. அதைப் பூஜ்யமாக எடுத்துக் கணக்குப் போட்டால் ரிப்போர்ட் அழகாக வரும், தப்பாக வரும். ஜூனியர் பையன் செய்தால் திட்டுவேன். காணாமல் போனவர் விஷயத்தில் அதையே நான் செய்தேன்.

வெற்றிடத்தை எதை வைத்து நிரப்புகிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எங்கள் பக்கம் காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஏறுகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். கையில் டிபன் பாக்ஸ், இப்போது போனும். சொந்தச் சம்பளம். அந்த பஸ்ஸை டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு கதை பாதி எழுதப்பட்டிருக்கும். யாராவது ஒருத்தி ஒருநாள் பஸ்ஸுக்கு வரவில்லையென்றால் மீதியை எழுத அரை மணி நேரம் போதும். நான் 'லாஜிக்' என்று நினைத்தது அந்த டீக்கடைக் கதைதான், புள்ளி போட்டு வரிசைப்படுத்தியிருந்தேன். அந்தக் காணொளிக்காரரும் அதையேதான் செய்கிறார், இசையோடு.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு முடிந்ததும், ரெட்டிட்டில் துப்பறிந்தவர்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குண்டு வைத்தவர் என்று முடிவு கட்டினார்கள். மகனைத் தேடிக் குடும்பம் நடத்திவந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசவு குவிந்தது. சில நாளில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. ரெட்டிட் மன்னிப்புக் கேட்டது.

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயில் தேடி சென்னையிலிருந்து வந்த குடும்பம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸப் ஏற்கெனவே சொல்லியிருந்தது. 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸப் மாற்றியது.

அப்போ பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம். போட்டோ, கடைசியாகப் பார்த்த இடம், போட்டிருந்த உடை, ஸ்டேஷன் நம்பர் எல்லாம் பகிரலாம். எஃப்ஐஆர் போட மறுத்தால் சத்தம் போடத்தான் வேண்டும். காவலில் ஒருவர் செத்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். இவை எதற்கும் "அவளுக்கும் அவனுக்கும்" என்று ஆரம்பிக்கும் வாக்கியம் தேவைப்படுவதில்லை.

கலவர வழக்கில் 2025 ஆகஸ்டில்தான் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேருக்குத் தண்டனை கொடுத்தது. பத்து வருடம்.

எங்கள் குரூப்பில் விஷயம் எட்டு நிமிடத்தில் முடிந்திருந்தது. அந்தப் பெண் கிடைத்த அன்று ஒரு நண்பன், "மச்சி, உன் ரெண்டாவது பாயின்ட் என்னாச்சு?" என்று கேட்டான். நான் ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்பினேன். அந்த பேக்கப் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.