பிழையும் சாட்சியமே

வேலூர்க் கோட்டையைச் சுற்றி வாய்மொழி வரலாறு சேகரிக்கக் கிளம்புகிறவர்கள் 1806 ஜூலை 10க்கு ஆதாரம் தேடுகிறார்கள். ஆதாரம் ஏற்கெனவே இருக்கிறது. கடுக்கனும் நெற்றிக்குறியும் கூடாதென்ற உத்தரவு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டுவந்த குதிரைப்படை எல்லாம் விசாரணையில் பதிவானவை. இல்லாதது சிப்பாய்களின் பேச்சு. அங்கே இருப்பது குமாஸ்தாவின் ஆங்கிலம்.

ஆம்பூரில், தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலேயே ஆயுசைக் கழித்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அந்தத் தலைப்பாயில வெச்ச தோலு எங்க பாட்டன் பதம் பண்ணது சார். எந்தத் தலைக்குப் போவுதுன்னு அவருக்கு என்னா தெரியும்?"

அவருடைய பாட்டன் 1806இல் இருந்திருக்க முடியாது. 'தகவல் பிழை, வெட்டிவிடுங்கள்' என்றார் நண்பர்.

இத்தாலியில், தெர்னி என்ற எஃகு நகரத்தில், லூயிஜி த்ராஸ்துல்லி என்ற தொழிலாளி 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீசாரால் கொல்லப்பட்டான். ஊர் அந்தச் சாவை 1953இன் ஆட்குறைப்புப் போராட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி இந்தப் பிழையைத் திருத்தவில்லை, அதையே வாசித்தார். அவமானம் எங்கே உறைந்ததோ அங்கே நினைவு சாவைப் புதைத்திருந்தது.

நம் பெரியவர் பேசியதும் 1806 பற்றி அல்ல. தான் பதப்படுத்திய தோல் யார் காலுக்குப் போகிறதென்று கடைசிவரை தெரியாத ஒரு வாழ்க்கையைப் பற்றி. அதைச் சொல்ல அவருக்குக் கோட்டை தேவைப்பட்டது.

வருஷத்தைச் சரிசெய்து, 'தலைப்பாய்' என்றதைத் 'தலைப்பாகை' ஆக்கி அச்சேற்றினால் மிஞ்சுவது மறுபடியும் குமாஸ்தாவின் பதிவுதான். என்ன, இந்தத் தடவை தமிழில் இருக்கும். நானும் குமாஸ்தா, எனக்குத் தெரியும்.