பேயும் பாதையும்

வாஷிங்டன் இர்விங்கின் 'ஸ்லீப்பி ஹாலோ'வைப் பேய்க் கதை என்றே எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கென்னவோ அது ஒரு சாலையின் கதை. ஹட்ஸன் நதிக்கரையில், நியூயார்க்குக்கு வடக்கே, டாரிடவுன் வழியாகப் போகும் பழைய தபால் சாலை அது. ஆங்கிலேய ஒற்றர் மேஜர் ஆந்த்ரே 1780ல் பிடிபட்டது அங்கேதான், பிறகு தூக்கிலிட்டார்கள். வாத்தியார் இக்கபாட் நள்ளிரவில் குதிரைமேல் வரும்போது ஆந்த்ரேயின் பெயர் சொல்லும் மரத்தைக் கண்டுதான் முதலில் நடுங்குகிறார். தலையில்லாத முண்டம் அப்புறம்தான் வருகிறது. பேய்க்கு வழி விட்டது சரித்திரம்.

இர்விங் இதை இங்கிலாந்தில் இருந்துகொண்டு எழுதி, 1820ல் வெளியிட்டார். தூரம்தான் பாதையைத் துலக்கியது என்பது என் கட்சி. கத்ரீனா விஷயத்தில்தான் சறுக்கல். அவளைப் பெண்ணாக்காமல் பலகாரமாக்கிவிட்டார்.

1955ல் அங்கே கட்டிய பாலத்துக்கு, நதி ஏறக்குறைய மூன்று மைல் அகலமான இடத்தைப் பிடித்தார்கள். தெற்கே குறுகலில் கட்டினால் சுங்கப் பணம் வேறொரு ஆணையத்துக்குப் போய்விடுமாம்! அந்தப் பாலமும் இன்று இல்லை. பக்கத்து வட டாரிடவுன் 1996ல் மோட்டார் தொழிற்சாலையை இழந்தது. அதே வருஷம் 'ஸ்லீப்பி ஹாலோ' என்று பெயரை மாற்றிக்கொண்டது. கார் செய்த ஊருக்கு இப்போது குதிரைக்காரப் பேய்தான் விலாசம்.