மெய்ப்பாடும் உழைப்பும்: கணினிப் பாத்திரங்களின் உடலசைவு குறித்துச் சில சிந்தனைகள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உணர்ச்சி உடலின்கண் வெளிப்படுமாற்றை எட்டாக வகுப்பதோடமையாது, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்களையும் சுட்டுகின்றது. அழுகைக்குக் கூறப்படும் நிலைக்களன்களுள் வறுமையும் ஒன்றென்பது மனங்கொள்ளத்தக்கது. உடலசைவில் சமூக உறவு பதிந்திருக்கும் என்பதைப் பிறெக்ட், வேறொரு வரலாற்றுச் சூழலில், 'கெஸ்டுஸ்' என்ற கருத்தினால் விளக்கினார். கணினியால் ஆக்கப்படும் பாத்திரங்களைப் பற்றி எழுதுவோரோ, அசைவு எத்துணை இயல்பானது என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றனர். அது யாருடைய அசைவு?

வினா பழையது. மக்ஸ் பிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப், படம்பிடிக்கப்பட்ட நடிகரின் அசைவைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்து வரைய உதவியது. 1932இல் வெளிவந்த 'மினி த மூச்சர்' கார்ட்டூனிலே கறுப்பினக் கலைஞர் கேப் கலோவேயின் நடனம் ஒரு வோல்ரஸ் பேயின் உடலுக்கு மாற்றப்பட்டது. எனினும் படத்தின் தொடக்கத்தில் அவர் தம் குழுவினருடன் நேரே தோன்றுகின்றார். ஆடுபவர் யாரென்பது மறைக்கப்படவில்லை. டிஸ்னியின் 'ஸ்னோ வைற்' (1937) படத்தில் அந்நேர்மையும் இல்லை. ஓவியர்களுக்கு ஆதாரமாக ஆடியும் நடந்தும் காட்டிய இளம் நர்த்தகி மார்ஜரி பெல்ச்சரின் பெயர் திரையில் இடம்பெறவில்லை. ஓவியரிலும் பலர் பெயரற்றோரே; 1941இல் அந்நிறுவனத்தில் மூண்ட வேலைநிறுத்தத்தின் காரணங்களுள் இதுவும் ஒன்று.

'த டூ டவர்ஸ்' (2002) படத்துக் கொலும் இவ்வகையிலே தனித்து நோக்கற்பாலது. அன்டி சேர்க்கிஸின் உடையிற் பொருத்திய குறிகளைப் பல கமராக்கள் பின்தொடர்ந்து, அவரது மூட்டுக்களின் இயக்கத்தைக் கணினிக்கு வழங்கின. ஃப்ரோடோவை எசமான் என விளித்துக் கூனிக் குறுகும் உடலில் அடிமையின் பணிவும் அவனது வஞ்சமும் ஒருங்கே உறைகின்றன. முதுகு பணிகின்றது, விரல்களோ பறிக்கத் துடிக்கின்றன. பிறெக்ட் நாடிய கெஸ்டுஸ், அவர் எள்ளி நகைத்திருக்கக்கூடிய பெருவணிகப் படமொன்றிலே வாய்த்திருப்பது ஒரு முரண்நகையே. ஆனால் இது சேர்க்கிஸ் ஒருவரின் ஆக்கம் அன்று. இக்கட்டுரையாளனும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தான். அப்படத்தில் கொலுமின் முகபாவங்களை அசைவூட்டுநர்களே கையால் அமைத்தனர். நடிகரை மாத்திரம் போற்றும் விமர்சனம் ஓர் உழைப்பைப் புலப்படுத்தி மற்றோர் உழைப்பைப் புதைக்கின்றது.

அசைவு ஒருமுறை பதிவானதும் நடிகரின் உடலிலிருந்து பிரிந்து, களஞ்சியத்திற் சேர்ந்து, வேறு பாத்திரங்களுக்கும் பொருத்தப்படக்கூடிய சரக்காகின்றது. மார்க்ஸ் இறந்த உழைப்பு என்றது இதற்கு முற்றும் பொருந்தும். இன்று அத்தகைய பதிவுகளைப் பயின்று, பேச்சொலிக்கேற்ற கையசைவைத் தாமே ஆக்கும் செயன்முறைகளும் தோன்றியுள்ளன. அவற்றுக்கு அழுகையின் அசைவு கிடைக்கும். அதன் நிலைக்களன் கிடைப்பதில்லை.

அமெரிக்க நடிகர் சங்கம் 2024 ஜூலையில் வீடியோ விளையாட்டு நிறுவனங்களுக்கெதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தம் 2025இலேயே ஓய்ந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றிய பிணக்கிலே இழுபட்ட விடயங்களுள் ஒன்று, குரலின்றி உடலசைவை மாத்திரம் வழங்குவோருக்கும் பாதுகாப்பு உண்டா என்பதாகும். அவர்கள் நடிகரா, வெறுந் தரவின் மூலமா என்ற வழக்கு, அழகியலாளர் எழுப்பத் தவறியதைத் தொழிலாளர் எழுப்பிய வழக்காகும்.